ஆட்கள் குறைந்த மாவட்டத்தில் கல் ஏன் தீர்கிறது?

ஜும்ஆ முடிந்து வெளியே வந்தபோது ஒரு பெரியவர் நம்மை நிறுத்தினார். பெரம்பலூர் பக்கத்தில் சின்ன வெங்காயம் போடுகிறவர். "ஹஜ்ரத், உலகத்துல எண்ணூறு கோடிப் பேர் ஆயிட்டாங்கன்னு டிவில சொல்றாங்க. எங்க கிணத்துல தண்ணி இல்ல. இந்த ரெண்டுக்கும் சம்பந்தம் இருக்கா?" என்று கேட்டார். நாம் வாய் திறப்பதற்குள், "ரிஸ்க்கை அல்லாஹ் தருவான்னு மட்டும் சொல்லிட்டுப் போயிடாதீங்க, அது எனக்கும் தெரியும்" என்றும் சேர்த்துக்கொண்டார்.

அவர் கேட்டதில் தவறில்லை. ரிஸ்க் அல்லாஹ்விடமிருந்து வருகிறது என்பது நம் ஈமான். வந்த ரிஸ்க்கை யார் அள்ளிக்கொண்டு போனார்கள் என்பது வேறு கேள்வி. மிம்பரில் நின்று முதல் கேள்விக்குப் பதில் சொல்லியே பழகிவிட்ட நாம், இரண்டாவது கேள்வியைப் பெரும்பாலும் அரசியல்வாதிகளுக்கும் அதிகாரிகளுக்கும் விட்டுவிடுகிறோம். இந்தக் கட்டுரை அந்த இரண்டாவது கேள்வியைப் பற்றியது.

2022 நவம்பர் 15 அன்று உலக மக்கள்தொகை 800 கோடியைத் தொட்டதாக ஐ.நா. அறிவித்தது. அடுத்த ஆண்டே இந்தியா சீனாவை முந்தியது. அதற்குப் பிறகு நம் நாட்டில் மக்கள்தொகையைப் பற்றிப் பேசாத தலைவர் இல்லை. ஆனால் ஒருவர் சொல்வது இன்னொருவர் சொல்வதோடு ஒட்டுவதில்லை. 2019 சுதந்திர தின உரையில் பிரதமர் மக்கள்தொகைப் பெருக்கத்தைப் பற்றிக் கவலைப்பட்டு, குடும்பத்தைச் சிறிதாக வைத்துக்கொள்வதும் தேசபக்திதான் என்றார். 2024 அக்டோபரில் ஆந்திர முதல்வரும் தமிழக முதல்வரும் அதிகக் குழந்தைகளைப் பெற்றுக்கொள்வது பற்றிப் பேசினார்கள். தொகுதி மறுவரையறை வந்தால் தென்மாநிலங்களின் குரல் குறைந்துவிடும் என்ற அச்சமும் இந்தப் பேச்சின் பின்னணியில் இருந்தது. 2025 சுதந்திர தினத்தில் பிரதமர் மறுபடியும் மக்கள்தொகையைத் தொட்டார். இம்முறை பேச்சு ஊடுருவல்காரர்களைப் பற்றி; அதற்கென உயர் அதிகாரம் கொண்ட ஓர் இயக்கமும் அறிவிக்கப்பட்டது. வரும் 2027 மார்ச் 1-ஐ அடிப்படை நாளாக வைத்து மக்கள்தொகைக் கணக்கெடுப்பும் நடக்கவிருக்கிறது. எண்கள் வெளியாகும் நாளில் எந்தச் சமுதாயத்தின் பக்கம் விரல் நீளும் என்பதை நாம் ஊகிக்க வேண்டிய அவசியமே இல்லை.

எனவே எண்கள் வருவதற்கு முன்பே, ஆட்கள் பெருகினால் இயற்கை வளம் தீரும் என்ற வாதத்தை நம் சொந்த மண்ணில் வைத்துச் சோதித்துப் பார்ப்போம். இதற்குப் பெரம்பலூர், அரியலூரைவிடப் பொருத்தமான இடம் தமிழ்நாட்டில் இல்லை.

எண்ணிக்கை என்ன சொல்கிறது?

2011 கணக்கெடுப்பின்படி தமிழ்நாட்டிலேயே மக்கள்தொகை குறைந்த மாவட்டம் பெரம்பலூர். 5,65,223 பேர். அதற்கடுத்து நீலகிரி. மூன்றாவதாக அரியலூர், 7,54,894 பேர். ஒரு சதுர கிலோமீட்டரில் வாழ்பவர்கள் பெரம்பலூரில் 323, அரியலூரில் 389. மாநில சராசரி 555. 2001 முதல் 2011 வரையிலான பத்து ஆண்டுகளில் தமிழ்நாடு 15.6 விழுக்காடு வளர்ந்தபோது அரியலூர் சுமார் எட்டரை விழுக்காடுதான் வளர்ந்தது. பிறப்பு குறைந்தது ஒரு காரணம், பிழைப்புக்காகச் சென்னைக்கும் திருப்பூருக்கும் வளைகுடாவுக்கும் போனவர்கள் இன்னொரு காரணம். எப்படிப் பார்த்தாலும் இது ஆட்கள் நெருக்கியடித்து வாழும் பூமி அல்ல.

இந்தப் பூமியில்தான் தமிழ்நாட்டின் கல் இருக்கிறது.

பல கோடி ஆண்டுகளுக்கு முன் இங்கே கடல் இருந்தது. அந்தக் கடலின் சிப்பிகளும் நத்தைகளும் அடுக்கடுக்காகப் படிந்து இறுகியதுதான் இன்று நாம் சுண்ணாம்புக்கல் என்று வெட்டுவது. பெரம்பலூர் மாவட்டம் சாத்தனூரில் கல்லாகிப் போன 18 மீட்டர் நீள மரம் கிடக்கிறது. 1940இல் புவியியல் ஆய்வுத்துறையின் எம்.எஸ். கிருஷ்ணன் அதைக் கண்டறிந்தார். அரியலூர் பக்கம் கல்லமேட்டில் 1980களில் ஒரு பிரம்மாண்டமான டைனோசரின் எலும்புகள் கிடைத்தன. பூமியில் நடந்த உயிர்களிலேயே மிகப் பெரியவற்றுள் அதுவும் ஒன்றாக இருக்கலாம் என்று அறிஞர்கள் இன்றும் வாதிடுகிறார்கள். வாதம் முடியாமல் இருப்பதற்குக் காரணம், அந்த எலும்புகள் பாதுகாக்கப்படாமல் பொடிந்து போய்விட்டன. இருப்பவை பழைய படங்களும் வரைபடங்களும்தான். இந்த மண்ணிலிருந்து கிடைப்பதை நாம் எந்த லட்சணத்தில் வைத்துக்கொள்கிறோம் என்பதற்கு அது ஒரு சாட்சி.

கல்லை மட்டும் யாரும் கவனிக்காமல் விடவில்லை. அரசின் டான்செம் ஆலை அரியலூரில் 1979இல் தொடங்கியது. இன்று ராம்கோ, அல்ட்ராடெக், டால்மியா, செட்டிநாடு என்று பெரிய நிறுவனங்களின் ஆலைகள் மாவட்டம் முழுக்க நிற்கின்றன. அரியலூரைச் சிமெண்ட் நகரம் என்றே அழைக்கிறார்கள். கல் ஏற்றிய டிப்பர் லாரிகள் போகும் சாலையில் இருசக்கர வாகனத்தில் பயணம் செய்தவர்களுக்கு வேறு விளக்கம் தேவையில்லை. வேட்டியின் நிறத்தைப் பார்த்தாலே எந்த வழியாக வந்தோம் என்று தெரிந்துவிடும். பெரம்பலூர் பக்கம் கருங்கல் குவாரிகள், ஜல்லி உடைக்கும் கிரஷர்கள். தெற்கே கொள்ளிடத்தில் மணல். திருமானூர்ப் பகுதி மக்கள் மணல் குவாரி வேண்டாம் என்று போராடிய செய்திகளை வாசகர்கள் மறந்திருக்க மாட்டார்கள்.

ஜெயங்கொண்டத்தின் கதை இன்னும் விசித்திரமானது. அங்கே பழுப்பு நிலக்கரி இருக்கிறது, அனல்மின் நிலையம் வரப்போகிறது என்று சொல்லி 1990களின் நடுவில் 8,000 ஏக்கருக்கும் மேற்பட்ட விவசாய நிலத்தை அரசு கையகப்படுத்தத் தொடங்கியது. நிலக்கரியும் எடுக்கப்படவில்லை, மின்சாரமும் வரவில்லை. விவசாயிகள் இழப்பீட்டுக்காக நீதிமன்றப் படி ஏறி இறங்கியதுதான் மிச்சம். ஏறத்தாழ கால் நூற்றாண்டு கழித்து, நிலத்தை உரியவர்களிடமே திருப்பித் தருவதென்று அரசு முடிவெடுத்தது. அதற்குள் ஒரு தலைமுறை, இந்த நிலம் நமதா இல்லையா என்று தெரியாமலேயே விதைத்து அறுத்து முதுமை அடைந்துவிட்டது.

ஆக, தமிழ்நாட்டில் ஆட்கள் மிகக் குறைவாக இருக்கும் மூலையில்தான் பூமி மிக ஆழமாகத் தோண்டப்படுகிறது. தோண்டிய கல் இங்குள்ள பதிமூன்று லட்சம் பேருக்கு வீடு கட்டவா போகிறது? சென்னையின் மேம்பாலங்களுக்கும் கேரளத்தின் மாடிகளுக்கும் போகிறது. இங்கே பிறக்கும் குழந்தைகளின் எண்ணிக்கைக்கும் இங்குள்ள பள்ளத்தின் ஆழத்துக்கும் நேரடித் தொடர்பு எதுவும் இல்லை. பெரியவரின் கேள்விக்கு இது முதல் பாதிப் பதில்.

உலகக் கணக்கும் அதுதான்

அரியலூர் விதிவிலக்கு என்று யாராவது சொல்லக்கூடும். உலகக் கணக்கைப் பார்ப்போம். 1970இல் உலகில் சுமார் 370 கோடிப் பேர் இருந்தார்கள். அந்த ஆண்டு பூமியிலிருந்து எடுக்கப்பட்ட மொத்தப் பொருள்கள், அதாவது கல், மணல், உலோகம், எரிபொருள், விளைபொருள் எல்லாம் சேர்ந்து, 3,000 கோடி டன். 2024இல் மக்கள் 800 கோடியைத் தாண்டியபோது எடுக்கப்பட்டது 10,600 கோடி டன் அளவுக்கு இருக்கும் என்று ஐ.நா. சுற்றுச்சூழல் அமைப்பின் வளங்கள் பற்றிய அறிக்கை கணக்கிட்டது. மனிதர்கள் இரண்டே கால் மடங்குகூட ஆகவில்லை. எடுத்த பொருள் மூன்றரை மடங்கு ஆகிவிட்டது. பணக்கார நாட்டில் ஒருவர் பயன்படுத்தும் பொருள் ஏழை நாட்டில் ஒருவர் பயன்படுத்துவதைப் போல ஆறு மடங்கு என்கிறது அதே அறிக்கை. இந்த ஆறு மடங்கை மறைத்துவிட்டு ஏழையின் தொட்டிலை மட்டும் எண்ணுவது என்ன நியாயம்?

சிமெண்டையே எடுத்துக்கொள்வோம். அமெரிக்கா இருபதாம் நூற்றாண்டு முழுவதும், அந்த நூறு ஆண்டுகளிலும் சேர்த்து, பயன்படுத்திய சிமெண்ட் சுமார் 450 கோடி டன். சீனா 2011 முதல் 2013 வரை மூன்றே ஆண்டுகளில் 660 கோடி டன்னைப் பயன்படுத்தியது. அந்த மூன்று ஆண்டுகளில் சீனாவில் எந்தச் சட்டம் அமலில் இருந்தது? ஒரே குழந்தைச் சட்டம்! குழந்தையைத் தடுத்தார்கள், சிமெண்டைத் தடுக்கவில்லை.

மறுபக்கம், மக்கள்தொகை வளரும் வேகம் குறைந்துவிட்டது. 1960களில் ஆண்டுக்கு 2 விழுக்காட்டுக்கும் மேல் வளர்ந்த உலகம், இன்று 1 விழுக்காட்டுக்கும் கீழே வந்துவிட்டது. இப்போதைய கணிப்பின்படி 2080களில் சுமார் 1,030 கோடியில் உச்சத்தைத் தொட்டு அதன்பின் இறங்கும். தமிழ்நாட்டில் ஒரு பெண் சராசரியாகப் பெறும் குழந்தைகள் 1.8 என்று 2019-21 தேசிய குடும்பநல ஆய்வு சொன்னது. ஒரு தலைமுறையை அடுத்த தலைமுறை ஈடுகட்ட 2.1 வேண்டும். நாம் ஏற்கெனவே அதற்குக் கீழே இருக்கிறோம்.

பட்டினிப் பூதத்தைக் காட்டியவர்களின் கணிப்புகள் என்ன ஆயின என்பதையும் நினைவுபடுத்த வேண்டும். 1798இல் மால்தூஸ் எழுதியதை நாம் கல்லூரியில் பாடமாகவே படித்தோம். 1968இல் அமெரிக்க உயிரியலாளர் பால் எர்லிக், மக்கள்தொகையை வெடிகுண்டாகச் சித்திரித்து ஒரு நூல் வெளியிட்டார். 1980இல் பொருளியலாளர் ஜூலியன் சைமன் அவரிடம் பந்தயம் கட்டினார்: ஐந்து உலோகங்களை நீங்களே தேர்ந்தெடுங்கள், பத்து ஆண்டுகளில் அவற்றின் விலை ஏறினால் நான் தருகிறேன், இறங்கினால் நீங்கள் தாருங்கள். பத்து ஆண்டுகளில் உலகில் 80 கோடிப் பேர் கூடினார்கள். ஐந்து உலோகங்களின் விலையும் இறங்கியிருந்தது. எர்லிக் 576 டாலருக்குக் காசோலை அனுப்பினார்.

இந்தக் கதையைச் சொல்லி நம்மவர்கள் சிலர் கைதட்டுவதைப் பார்த்திருக்கிறோம். நமக்கு அதில் முழு மகிழ்ச்சி இல்லை. செம்புக்குச் சந்தை விலை உண்டு. தட்டுப்பட்டால் விலை ஏறும், விலை ஏறினால் மாற்று தேடுவார்கள். பெரியவரின் கிணற்றில் ஊறும் தண்ணீருக்கு எந்தச் சந்தையில் விலை இருக்கிறது? அது வற்றும்போது எந்த அறிவிப்பும் வராது. மோட்டார் காற்றை இழுக்கும் சத்தம் மட்டும் வரும். சைமன் வென்ற பந்தயத்தில் தண்ணீர் இல்லை.

பழி யார் மேல்?

மக்கள்தொகை என்று பேச்செடுத்தால் நம் சமுதாயத்துக்கு வயிற்றைக் கலக்குவதற்குக் காரணம் இருக்கிறது. நெருக்கடி நிலைக் காலத்தில், 1976-77ஆம் ஒரே ஆண்டில், நாட்டில் 80 லட்சத்துக்கும் மேற்பட்ட கருத்தடை அறுவைகள் செய்யப்பட்டன. 1976 நவம்பரில் ஹரியானாவின் மேவாத் பகுதியில் உட்டாவர் என்ற முஸ்லிம் கிராமத்தை விடிவதற்கு முன் போலீஸ் சுற்றி வளைத்து ஆண்களைப் பிடித்துக்கொண்டு போனது. டில்லி துர்க்மான் கேட்டில் நடந்ததும் அதே ஆண்டுதான். பாதிக்கப்பட்டவர்கள் முஸ்லிம்கள் மட்டுமல்ல. ஏழைகளும் தலித்துகளும் எல்லா மாநிலங்களிலும் இலக்காக்கப்பட்டார்கள். எண்ணிக்கையைக் குறைக்க வேண்டும் என்ற ஆவேசம் எழும்போது முதலில் அகப்படுபவர் எதிர்த்துக் கேட்க முடியாதவர்தான்.

புள்ளிவிவரம் வேறு கதை சொல்கிறது. 1992-93இல் இந்தியாவில் ஒரு முஸ்லிம் பெண்ணுக்குச் சராசரியாக 4.4 குழந்தைகள். 2019-21இல் அது 2.4க்கு வந்துவிட்டது. இந்துப் பெண்களிடையே 3.3லிருந்து 1.9. இரண்டும் இறங்குகின்றன, நம்முடையது வேகமாக இறங்கியிருக்கிறது. முஸ்லிம்கள் பெரும்பான்மையாக வாழும் ஜம்மு காஷ்மீரில் 1.4, பீகாரில் 3.0. குழந்தை எண்ணிக்கையை முடிவு செய்வது பெண்களின் படிப்பும் மருத்துவ வசதியும் வருமானமும்தான் என்பதை இந்த இரண்டு எண்களே காட்டிவிடுகின்றன. இனி இதற்கு மேல் இந்த அவதூறுக்குப் பதில் எழுதி நேரத்தைச் செலவிட விரும்பவில்லை.

ஆனால் நம் பக்கத்துக்கும் ஒரு வார்த்தை. எண்ணிக்கை ஒரு பொருட்டே இல்லை என்று மேடையில் முழங்கும் சகோதரர்கள் எகிப்தைப் பார்க்கட்டும். 1959 உடன்பாட்டின்படி நைல் நதியில் எகிப்தின் பங்கு ஆண்டுக்கு 5,550 கோடி கன மீட்டர். அப்போது அந்நாட்டில் மூன்று கோடிப் பேர்கூட இல்லை. இன்று பத்துக் கோடிக்கும் மேல். பங்கு அதேதான். மேலே எத்தியோப்பியாவில் பெரிய அணை ஒன்றும் 2025இல் திறக்கப்பட்டுவிட்டது. அங்கே தலைக்கு எவ்வளவு தண்ணீர் என்பதை நிர்ணயிப்பதில் எண்ணிக்கைக்கு நிச்சயம் இடம் உண்டு. ஈரானில் 1980களின் தொடக்கத்தில் ஒரு பெண்ணுக்கு ஆறுக்கும் மேல் இருந்த குழந்தைகள், இருபத்தைந்து ஆண்டுகளுக்குள் இரண்டுக்கும் கீழே வந்தன. அந்த மாற்றத்துக்கு மார்க்க அறிஞர்களும் துணை நின்றார்கள். வறுமைக்குப் பயந்து குழந்தையைக் கொல்லாதே என்பது திருக்குர்ஆனின் கட்டளை. அதே மார்க்கத்தில்தான் கருத்தரிப்பைத் தள்ளிப்போடும் அஸ்லைப் பற்றி இமாம் கஸ்ஸாலி போன்றவர்கள் அமர்ந்து ஆய்ந்து, அது ஆகும் என்று எழுதினார்கள். இரண்டையும் சேர்த்து ஓதியவர்கள் நாம். ஒன்றை மட்டும் சொல்லிக்கொடுத்து விட்டோமோ என்று தோன்றுகிறது.

இன்னொரு உண்மையையும் ஒளிக்கக் கூடாது. ஓர் இந்தியர் பயன்படுத்தும் சிமெண்ட் உலக சராசரியில் ஏறத்தாழ பாதிதான். குடிசையில் இருப்பவர் ஒட்டு வீட்டையும், ஒட்டு வீட்டில் இருப்பவர் தளம் போட்ட வீட்டையும் விரும்புவது நியாயமானது. அதைத் தடுக்க நாம் யார்? எனவே ஒரு குழந்தைகூடக் கூடுதலாகப் பிறக்காவிட்டாலும் அரியலூரின் பள்ளங்கள் இன்னும் பெரிதாகும். பிறகு கேட்க வேண்டியது, இந்தக் கல்லுக்கான கூலி யாருக்குப் போகிறது என்பதையே.

ஒரு மூட்டையின் கணக்கு

சாம்பல் கலக்காத ஒரு மூட்டைச் சிமெண்ட், 50 கிலோ, செய்வதற்குச் சுமார் 70 கிலோ சுண்ணாம்புக்கல் வேண்டும். சூளையில் வேகும்போது கல்லின் எடையில் ஒரு பெரும் பகுதி கரியமில வாயுவாக வெளியேறிவிடுகிறது. உலகம் வெளியிடும் கரியமில வாயுவில் ஏழெட்டு விழுக்காடு சிமெண்டிலிருந்து வருவது இதனால்தான். சுண்ணாம்புக்கல்லுக்கு அரசு பெறும் உரிமைத் தொகை 2014 முதல் டன்னுக்கு 80 ரூபாய். அதாவது முந்நூறு ரூபாய்க்கு மேல் விற்கும் மூட்டையில், மண்ணுக்கு உரிமைத் தொகை ஐந்தரை ரூபாய்தான். 2015இல் திருத்தப்பட்ட கனிமச் சட்டப்படி, சுரங்கத்தால் பாதிக்கப்பட்ட மக்களுக்காக மாவட்டக் கனிம அறக்கட்டளை ஒன்று ஒவ்வொரு சுரங்க மாவட்டத்திலும் இருக்க வேண்டும். பழைய குத்தகைகள் உரிமைத் தொகையில் 30 விழுக்காட்டையும், ஏலத்தில் எடுத்த புதியவை 10 விழுக்காட்டையும் அதற்குத் தர வேண்டும். பழைய குத்தகையாகவே இருந்தாலும் ஒரு மூட்டைக்கு ஒன்றே முக்கால் ரூபாய்கூட இல்லை. ஒரு டீயின் விலைக்கு ஐந்தாறு மூட்டை!

2024 ஜூலையில் உச்சநீதிமன்றத்தின் ஒன்பது நீதிபதிகள் அமர்வு, கனிமம் உள்ள நிலத்துக்கு வரி விதிக்கும் அதிகாரம் மாநிலங்களுக்கு உண்டு என்று தீர்ப்பளித்தது. அதையடுத்துத் தமிழ்நாடு சட்டம் இயற்றி, 2025 ஏப்ரல் முதல் சுண்ணாம்புக்கல்லுக்கு டன்னுக்கு 160 ரூபாய் வரி வசூலிக்கிறது. வரவேற்க வேண்டிய வரி. இந்தப் பணத்தில் எவ்வளவு, கல் வெட்டப்பட்ட கிராமத்துக்குத் திரும்பி வரும்? சிமெண்ட் விலை ஏறிவிடும் என்று தொலைக்காட்சியில் கவலைப்பட்டவர்களில் ஒருவரும் இந்தக் கேள்வியைக் கேட்டதாக நமக்கு நினைவில்லை.

ஹதீஸ் நூல்களில் ஒரு நிகழ்ச்சி வருகிறது. யமன் நாட்டு மஃரிபில் இருந்த உப்பு விளையும் இடத்தைத் தமக்குத் தருமாறு அப்யள் இப்னு ஹம்மால் (ரலி) அவர்கள் நபி (ஸல்) அவர்களிடம் கேட்டார்கள். நபியவர்களும் கொடுத்துவிட்டார்கள். அவர் எழுந்து சென்றதும் அவையில் இருந்த ஒருவர், தாங்கள் கொடுத்தது வற்றாத நீரூற்றைப் போன்றது என்று எடுத்துச் சொன்னார். உடனே நபியவர்கள் அந்தக் கொடையைத் திரும்பப் பெற்றுக்கொண்டார்கள். உழைப்பின்றி எவரும் எடுத்துக்கொள்ளக்கூடிய வெளிப்படையான கனிமத்தைத் தனியொருவருக்குச் சொந்தமாக்கக் கூடாது என்று ஃபிக்ஹு அறிஞர்கள் இதிலிருந்து சட்டம் எடுத்தார்கள். சுண்ணாம்புக்கல் அந்த வகை அல்ல, வெடிவைத்துத் தோண்ட வேண்டியது, எனவே அப்படியே பொருத்திவிட முடியாது. தோண்டி எடுக்கும் கனிமத்தில் இமாம்களிடையே கருத்து வேறுபாடு உண்டு. மாலிக் மத்ஹபின் பிரபலமான கருத்துப்படி கனிமம் தனியார் நிலத்தில் கிடைத்தாலும் அது பொதுநலனுக்காக ஆட்சியாளரின் பொறுப்பில் இருக்க வேண்டும். நம் கவனத்தை ஈர்ப்பது வேறொன்று: அவையில் இருந்த அந்த ஒரு மனிதர். அவர் எழுந்து சொல்லியிராவிட்டால்? கொடுத்த பிறகும் ஒருவர் சுட்டிக்காட்ட முடிந்தது, சுட்டிக்காட்டியது ஏற்கப்பட்டது.

அரியலூரில் அந்த அவை எது? கிராம சபைதான். தமிழ்நாட்டில் ஆண்டுக்கு ஆறு முறை கூடுகிறது. அதில் ஒன்று மார்ச் 22, உலக தண்ணீர் தினம். கனிம அறக்கட்டளையின் பணத்தில் முன்னுரிமை பெறும் செலவுகளில் குடிநீரும் ஒன்று. கல் தீர்ந்த சுரங்கத்தை எப்படி மூட வேண்டும், நிலத்தை எப்படிச் சீராக்க வேண்டும் என்பதற்கு ஒவ்வொரு குத்தகையிலும் திட்டம் இருக்க வேண்டும் என்பது விதி. மழைக்காலத்தில் இந்தப் பள்ளங்களில் நீல நிறத்தில் தண்ணீர் தேங்கி நிற்கிறது. இதை ஏரியாக்கினால் என்ன என்று ஊர்மக்கள் கேட்பது நியாயமான கேள்வி. கங்கைகொண்ட சோழபுரத்துக்கு அருகே ராஜேந்திர சோழன் ஏரி வெட்டியது ஆயிரம் ஆண்டுகளுக்கு முன்பு; அதே மாவட்டத்தில் இன்று பள்ளம் தானாகக் கிடைக்கிறது, ஏரியாக்கத்தான் ஆளில்லை. 1956 நவம்பரில் அரியலூர் அருகே மருதையாற்றின் வெள்ளம் பாலத்தோடு ஒரு ரயிலையே கவிழ்த்தது. ரயில்வே அமைச்சராக இருந்த லால் பகதூர் சாஸ்திரி பதவி விலகினார். அந்த ஆற்றை இன்று ஆண்டின் பெரும்பகுதி செருப்பு நனையாமல் கடக்கலாம். மழை வரும்போது பிடித்து வைக்காத ஊருக்குக் கொள்ளிடத்திலிருந்து குழாய் போட்டுத் தண்ணீர் வருகிறது.

நம் வீட்டுக் கணக்கு

ஆலைகளையும் அரசையும் கேள்வி கேட்ட கையோடு நம்மையும் கேட்டுக்கொள்வது நல்லது. வெள்ளாற்றங்கரையில் லெப்பைக்குடிக்காடு, இந்தப் பக்கம் வி.களத்தூர் என்று நம்மவர்கள் பெருமளவில் வாழும் ஊர்களில் நடந்து பாருங்கள். வளைகுடாவில் முப்பது ஆண்டு வெயிலில் உழைத்த காசில் எழுந்த வீடுகள். அந்த உழைப்பை மதிக்கிறோம். ஆனால் மூன்று மாடி, எட்டு அறை, உள்ளே இருப்பது வயதான தாயும் தகப்பனும் மட்டும். சில வீடுகள் இரண்டு ஆண்டுக்கு ஒருமுறை, பிள்ளைகள் விடுமுறையில் வரும்போது மட்டும் திறக்கப்படுகின்றன. 2011இல் தமிழ்நாட்டில் ஒரு குடும்பத்துக்குச் சராசரியாக நான்கு பேர்கூட இல்லை. ஆள் குறைகிறது, அறை கூடுகிறது. பத்துப் பிள்ளைகளைப் பெற்ற நம் பாட்டிமார் மண்சுவர் வீட்டில் வாழ்ந்து முடித்தார்கள். அவர்கள் பூமியிடம் கேட்டது நாம் கேட்பதைவிட மிகக் குறைவு.

பள்ளிவாசல்களையும் விட்டுவைக்க முடியாது. நபியவர்கள் ஒரு முத்து அளவு தண்ணீரில் வுளூச் செய்தார்கள் என்று ஓதுகிறோம். இன்றைய அளவில் அது முக்கால் லிட்டருக்கும் குறைவு. குழாயைத் திறந்துவிட்டு நாம் செய்யும் வுளூவுக்கு ஐந்து லிட்டர் என்று வைத்தாலும், ஒரு வக்துக்கு இருநூறு பேர் வரும் பள்ளியில் நாளைக்கு 5,000 லிட்டர் சாக்கடைக்குப் போகிறது. பழைய பள்ளிகளில் பத்துக்குப் பத்து முழ ஹவ்ளு இருந்தது. அதில் கையால் அள்ளிச் செய்தோம், செலவு கொஞ்சம். இடம் அடைக்கிறது, பாசி பிடிக்கிறது என்று பல ஊர்களில் இடித்துவிட்டு வரிசையாகக் குழாய் வைத்தோம். அந்தத் தீர்மானத்துக்குத் தலையாட்டியவர்களில் இந்தக் கட்டுரையை எழுதும் நாமும் உண்டு. வுளூத் தண்ணீரைத் தோட்டத்துக்கோ மண்ணுக்குள்ளோ திருப்பிவிட ஒரு தொட்டி கட்டினால் போதும். அதற்கும் இரண்டு மூட்டைச் சிமெண்ட் ஆகும் என்பது வேறு விஷயம்.

பெரியவரிடம் இவ்வளவையும் பள்ளிவாசல் வாசலில் நின்று சொல்ல முடியவில்லை. சுருக்கமாகச் சொன்னோம்: "பாவா, உங்க கிணத்துத் தண்ணிய அந்த எண்ணூறு கோடிப் பேரும் குடிக்கல. சுத்தி எத்தனை போர் போட்டிருக்காங்க, ஓடை எங்க அடைபட்டிருக்கு, பக்கத்துக் குவாரி எவ்வளவு ஆழம் போயிருக்குன்னு பாக்கணும்." அவர் சற்று யோசித்தார். "ஊர்ல புதுசா நாப்பது போர் இருக்கும் ஹஜ்ரத். அதுல ஒண்ணு என் மவன் போட்டது" என்றார். அடுத்த கிராம சபைக்கு மகனையும் கூட்டிக்கொண்டு போகச் சொன்னோம். "வர்றேன்னு சொன்னா நீங்களும் வரணும், மனு எழுத ஆள் வேணும்" என்றார். ஒப்புக்கொண்டு வந்திருக்கிறோம்.